வில்லுக்குறி வரை

"என்ன பாட்டுக்கா போடட்டு?" என்றான் பிபின்.
பாட்டு வேண்டாம் என்றேன்.
"பின்ன எதுக்குக்கா ஹெட்போன்?"

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில் கடை.
கண்ணாடிக் கதவு, ஏசி.
அங்கே எதைக் காதில் கவிழ்த்தாலும் அமைதிதான்,
சோத்துச் சட்டியைக் கவிழ்த்தாலும்.

நாள் முழுக்கப் பேர் கூப்பிடுகிறவள் நான்.
நாகர்கோவிலில் ரத்தப் பரிசோதனைக் கூடம்,
ஐந்தாம் எண் சன்னல்.
டோக்கன் நாற்பத்தொன்று, செல்லத்தங்கம்.
டோக்கன் நாற்பத்திரண்டு, மரிய வியாகுலம்.
வந்து நின்று கேட்பார்கள்:
கூடுதலா, பயப்படணுமா, டாக்டர் என்ன சொல்லுவார்.
அது வேலை. குறை சொல்லவில்லை.
போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால்.
அவ்வளவு நேரம் மட்டும்
யாருடைய பேரும் இல்லாமல் இருக்க வேண்டும்.

பஸ்ஸுக்குள் இருப்பது ஒரு சத்தமல்ல.
தகரத்துக்கு அடியிலிருந்து என்ஜின்
முழங்காலைப் பிடித்து ஏறும்.
ஆறாவது சன்னலின் ஷட்டர் தனியே பல் கடிக்கும்.
பின்னால் கல் ஏற்றிய டாரஸ், அதன் ஹாரன்.
முன் சீட்டில் ஒருவர் போனை ஸ்பீக்கரில் போட்டு
சீட்டுக் கம்பெனிக்காரனிடம் நியாயம் கேட்பார்,
தினமும்.

"பஸ்ஸில போட்டுப் பாக்கணும்."
பிபின் முதலாளியைப் பார்த்தான்.
முதலாளி என் கைப்பையைப் பார்த்தார்.
"தக்கலை வரைக்கும் போய்ட்டு வா லே,
சாமானத்தக் கையிலேர்ந்து விடாத."

அவனுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தேன்.
எனக்கு இலவசம்.

முதலாவது, நாலாயிரத்து இருநூறு.
பம்மம் தாண்டியதும் போட்டேன்.
கறண்டு போனதும் ஃபேன் ஓய்வது போல
என்ஜின் ஓய்ந்தது.
ஆட்கள் மிச்சம்.
பஸ்ஸைக் கழற்றி எடுத்துவிட்டு
எல்லாரையும் அந்தரத்தில் உட்கார வைத்த மாதிரி,
சீட்டுக்காரர் முன்னைவிடத் தெளிவாக.
தொகைகூடக் கேட்டது. ஒரு லட்சத்து எண்பது.
"ஒரே மாதிரி இரையுறத மிஷின் வெட்டிரும்கா.
மனுஷன் பேசுறத வெட்டத்தான் பெரும்பாடு."

இரண்டாவது, ஏழாயிரத்து எண்ணூறு.
என் சம்பளத்தில் பாதிக்கு மேலே.
கொண்டையை அவிழ்க்க வேண்டியிருந்தது,
கண்ணாடிக் காம்பு எலும்பில் பதிந்தது,
சுவாமியார்மடத்தில் காது மடல் வியர்த்தது.
ஆனால் உள்ளே,
குழித்துறை ஆற்றில் மூக்கைப் பொத்தி முங்கினதுபோல.
சீட்டுக்காரருக்கு வாய் மட்டும் இருந்தது.

"சார்ஜ் எவ்ளோன்னு பாக்கட்டு" என்று
அதை வாங்கித் தன் தலையில் மாட்டினான்.
நான் மறுபடி முதலாவதை.

கடை வாசலில் நின்று
வாங்கக்கா வாங்கண்ணே என்று
காலை முதல் கத்துகிற பையன்.
அழகியமண்டபத்துக்கு அப்புறம்
அவன் தோள் இறங்கியது.
கண் திறந்துதான் இருந்தது, எதிலும் இல்லை.
சட்டைப்பையில் போன் வெளிச்சம்
வந்தது, போனது, வந்தது.

"தக்கலை, தக்கலை."
கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டார்.
எனக்குத் தெளிவாகவே கேட்டது.
நான் பிபின் என்று சொல்லவில்லை.
ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

வில்லுக்குறியில் ஒரு பள்ளம் அவனை எழுப்பியது.
"எக்கா, தக்கலை?"
"போச்சு."
"சவம்!" என்றான், சிரித்தான்,
மூன்று மிஸ்டு கால் பார்த்தான், சிரிப்பை நிறுத்தினான்.
இரண்டையும் டப்பாவில் திணித்துக்கொண்டு குதித்தான்.

மிச்ச வழிக்கு என்னிடம் வெறும் காது.
பஸ் நகரும்போது சன்னலில் தலையை நீட்டி,
கனமுள்ளத எடுத்து வை, நாளைக்கு வாறேன் என்று
கத்தினேன்.
குறுக்கே ஒரு டாரஸ்.
கேட்டதோ என்னவோ,
அந்தப் பக்கம் நின்று தலையாட்டினான்.